கல்லூரிக் கண்ணாடியில் பறவைகள் மோதிச் சாகின்றன: பருந்து ஸ்டிக்கர் போதுமா?

கேள்வி: 14 அக்டோபர் 2024

அக்கா, எங்கள் கல்லூரியில் போன வருடம் திறந்த புது பிளாக் முழுக்க நீலக் கண்ணாடி. எதிரே வரிசையாக வேப்ப மரங்கள். இன்று காலை வாசலில் ஒரு குக்குறுவான் செத்துக் கிடந்தது. இந்த மாதம் நான் பார்க்கும் மூன்றாவது பறவை. பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒட்டினால் பயந்து விலகிவிடும் என்கிறார்கள். எச்.ஓ.டி. சாரோ இரவில் விளக்கை அணைத்தாலே போதும் என்கிறார். உங்கள் நூலகத்தில் ஏதோ ஒட்டியதாக முன்பு எழுதியிருந்தீர்களே, பலன் இருந்ததா?

14 அக்., இரவு 9.40

பருந்து ஸ்டிக்கர் வேண்டாம் தம்பி. நான் எழுதியது அதைப் பற்றித்தான். 2022ல் நான்கு வாங்கி வாசிப்பறைக் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டினேன். ஒட்டிய வாரமே, ஒரு ஸ்டிக்கருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு தேன்சிட்டு மோதி விழுந்தது. அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் உருவத்தைப் பறவை பருந்து என்று எடுத்துக்கொள்வதில்லை. ஏதோ ஒன்று வழியில் நிற்கிறது என்று மட்டும் பார்க்கிறது, பக்கத்தில் இருக்கும் இடைவெளியில் புகுந்து போகிறது. அந்த இடைவெளியும் கண்ணாடிதானே.

கண்ணாடி நம் கண்ணுக்கும் தெரியாதுதான். சட்டம், கைப்பிடி, தூசி, இதையெல்லாம் வைத்து இங்கே கண்ணாடி இருக்கிறது என்று சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறோம். பறவைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உங்கள் நீலக் கண்ணாடியில் எதிர் வேப்ப மரம் கிளை கிளையாகத் தெரியும். அந்தக் கிளையில் உட்காரத்தான் அது பறந்து வருகிறது.

எங்கள் நூலகத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் விழும். அதனால் ஸ்டிக்கருக்குப் பிறகு நான் வேறு எதுவும் செய்யவில்லை. உங்களுக்கு மாதத்தில் மூன்று என்றால் சும்மா விடக்கூடாது.

15 அக்., காலை

ஒன்று விட்டுப் போனது. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்காகக் கண்ணாடிகளை எல்லாம் சோப்புத் தண்ணீர் போட்டு வெளியிலும் துடைத்தோம். சனிக்கிழமை ஒரு பறவை விழுந்தது, நேற்று ஒன்று. உங்களுக்குப் பதில் எழுதும்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. தூசி படிந்த கண்ணாடியில் பிம்பம் மங்கும், துடைத்த கண்ணாடியில் மரம் பளிச்சென்று தெரியும். உங்கள் கல்லூரியிலும் பூஜைக்குத் துடைத்தார்களா?

17 அக்., இரவு 10.15

வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று மேலே எழுதியது தப்பு. அதை அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் எல்லாக் கல்லூரியிலும் இதே தப்புத்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று காலை ஆறு மணிக்கே போனேன். எங்கள் பிளாக்கைப் பெருக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கேட்டேன். "வாரத்துக்கு ஒண்ணாச்சும் கெடக்குமுங்க அம்மிணி. ஐப்பசில இன்னுஞ் சேர்த்தி. நீங்க வர்றதுக்குள்ள எடுத்து வேப்ப மரத்தடியில குழி போட்டு மூடிருவேன். புள்ளைங்க மிதிச்சிரக் கூடாதில்லீங்க" என்றார். மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் ஒன்பது மணிக்கு வந்து, சுத்தமான வாசலைப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் வருவதற்கு முன்பே பூனையும் கீரியும் எடுத்துப் போனவை எத்தனையோ.

அப்புறம் அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் கிழக்குப் பக்கக் கண்ணாடியைக் காட்டினார். வெயில் சாய்வாக விழுந்தால்தான் தெரியும். கண்ணாடியில் சாம்பல் நிறத் தூளில் ஒரு பறவை. விரிந்த இரண்டு இறக்கையும், இறக்கையின் ஒவ்வொரு சிறகும் கோடு கோடாக. நடுவில் மார்பு மோதிய இடம் மட்டும் அடர்த்தியாக. தலை ஒரு பக்கம் திரும்பியிருந்தது. புறா இனங்களின் இறகில் மாவு போல ஒரு தூள் உண்டு, மோதும்போது அது அப்படியே கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். "பச்ச ரெக்கப் புறாவுங்க, செவ்வாக்கெழம விழுந்துச்சு" என்றார்.

பச்சை இறக்கை என்றால் மரகதப் புறா. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. மலையடிவாரத்தில் இருப்பதால் எங்கள் வளாகத்துக்கு அது வரும். மரங்களுக்கு நடுவே தாழ்வாக, அம்பு போல நேராகப் போகிற பறவை. அந்த வேகத்தில் வரும் பறவைக்குக் கண்ணாடி முன்னால் திரும்ப நேரமே இல்லை.

நாளை ஒரு 40 பக்க நோட்டு வாங்கி அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். தேதி, எந்தப் பக்கம், என்ன நிறம். அது போதும்.

18 அக்.

எச்.ஓ.டி. சார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது பாதி சரி. வலசை வரும் சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் பறக்கும். வெளிச்சம் அவற்றைத் திசை தப்ப வைத்துக் கட்டடங்களுக்கு நடுவே இழுத்துவிடும். சிகாகோவில் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்று ஒரு மாநாட்டு மையம் இருக்கிறது. 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் அங்கே மோதிச் செத்தன. ஃபீல்டு அருங்காட்சியகத்தின் டேவிட் வில்லர்ட் 1978 முதல் அந்தக் கட்டடத்தைச் சுற்றி விழுந்த பறவைகளைப் பொறுக்கி எழுதி வைத்தார். அறை இருட்டாக இருந்த ஜன்னல்களில் சாவு குறைவு என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் தெரிந்தது. ஆகவே விளக்கை அணைப்பது நல்லது, கரண்ட் பில்லும் குறையும்.

ஆனால் குக்குறுவானும் தேன்சிட்டும் மரகதப் புறாவும் வலசை வருபவை அல்ல, இங்கேயே இருப்பவை. பகலில் மோதுகின்றன. உங்கள் பிளாக்கில் ராத்திரி முழுக்க இருட்டாக வைத்தாலும் காலை ஏழு மணி வெயிலில் வேப்ப மரம் கண்ணாடியில் தெரியத்தான் செய்யும்.

உயரமான கட்டடத்தில்தான் இது நடக்கும் என்பதும் சரியில்லை. 2014ல் வந்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக மதிப்பிட்டது. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மீதி எல்லாம் வீடுகளும், நம் கல்லூரி பிளாக் மாதிரி சில மாடிக் கட்டடங்களும்தான்.

20 அக்.

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: அவர் கார்க் கண்ணாடியைத் தவிட்டுக்குருவி தினமும் கொத்துகிறது, அதுவும் இதுதானா என்று. இல்லைங்க, அது வேறு. தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து விரட்டப் பார்க்கிறது. களைத்துப்போகுமே தவிர, அதனால் சாவது அரிது. காரை நிறுத்தியதும் கண்ணாடி மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.

23 அக்., மாலை

இன்று காலை 6.50க்கு அக்கா போன் செய்தார். ஓடினேன். படிக்கட்டு ஓரம் ஓர் ஆறுமணிக் குருவி. எங்கள் பக்கத்தில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். உயிர் இருந்தது. கண்ணை மூடி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முதுகு பச்சை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. இந்தக் குருவிகள் வடக்கே, இமயமலை அடிவாரம் வரை பரவிக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கிருந்து இரவு இரவாகப் பறந்து, குளிர்காலத்துக்கு நம் தோட்டங்களுக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் வந்து நூலகப் படிக்கட்டில் கிடந்தது.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றப் போனார். தடுத்தேன். மயங்கிய பறவைக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். புத்தகம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துணி விரித்து, பென்சிலால் நான்கைந்து ஓட்டை போட்டு, குருவியை உள்ளே வைத்து மூடினேன். இருட்டும் அமைதியும்தான் மருந்து. சூடு வேண்டாம், சாப்பாடு வேண்டாம், திறந்து திறந்து பார்க்கவே வேண்டாம். ஸ்டாக் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினேன். எட்டேகாலுக்கு உள்ளே தடதடவென்று சத்தம். பெட்டியைக் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கம், மூங்கில் புதர் அருகே தரையில் வைத்துத் திறந்தோம். ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தது. அப்புறம் இரண்டு தத்து, புதருக்குள் போய்விட்டது.

பறக்குமா என்று பார்க்கக் கையில் எடுத்து மேலே வீசாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுப் பறவையை வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இரவு 11 மணி, சேர்க்கை: பிழைத்தது என்று மாலையில் எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். ஆனால் மோதிவிட்டுப் பறந்துபோகும் பறவைகளில் பல, மண்டைக்குள் ரத்தம் கசிந்து பிறகு எங்கோ செத்துப்போகின்றன. அதனால் நோட்டில் 'பறந்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

30 அக்.

வளாகத்தைப் பராமரிக்கும் எஸ்டேட் ஆபீஸுக்கு நோட்டை எடுத்துப் போனேன். 13 நாளில் 6 பறவை. அவர்கள் சொன்ன தீர்வு: கண்ணாடிக்கு எதிரே இருக்கும் தேன்பழ மரத்தையும் இரண்டு வேம்பையும் வெட்டிவிடலாம். பறவையும் வராது, இலையும் விழாது என்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தேன்பழ மரத்தில் ஒரு காலையில் பதினொரு வகைப் பறவை பார்த்திருக்கிறேன். மரம் அங்கே முதலில் இருந்தது, கண்ணாடி பிறகு வந்தது. மரத்தை வெட்டினால் வானம் பிம்பமாகத் தெரியும், அதில் மோதும். கோளாறு கண்ணாடியில், அதைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். வெட்டுவதைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். செலவில்லாமல் என்ன செய்ய முடியுமோ செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளி முடிந்து ஆரம்பிக்கிறேன்.

3 நவ.

முதலில் அறிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒழுங்காகப் படித்தேன். டேனியல் க்ளெம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974லேயே இதை ஆராயத் தொடங்கியவர். அவர் சோதனைகளிலிருந்து வந்த விதி எளிமையானது. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஏதாவது அடையாளம் இருக்க வேண்டும். அடையாளங்களுக்கு நடுவே பறவை புகும் அளவுக்கு இடைவெளி இருக்கக் கூடாது. முன்பு குறுக்குக் கோடுகளுக்கு நடுவே 5 செ.மீ., நெடுக்குக் கோடுகளுக்கு நடுவே 10 செ.மீ. என்றார்கள். இப்போது தேன்சிட்டு அளவுப் பறவைகளையும் மனதில் வைத்து இரண்டு பக்கமும் 5 செ.மீ. என்கிறார்கள்.

வெளிப்பக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், தம்பி. உங்கள் நண்பர் ஒருவர் உள்பக்கம் சன் கன்ட்ரோல் பிலிம் ஒட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். மரம் பிம்பமாகத் தெரிவது வெளிப் பரப்பில். உள்ளே என்ன ஒட்டினாலும் அந்தப் பிம்பம் அப்படியேதான் இருக்கும். உள்ளே இருட்டாவதால் இன்னும் பளிச்சென்றுகூடத் தெரியலாம்.

இதைப் படித்துவிட்டுப் பழைய பிளாக்குக்குப் போய் ஜன்னல்களைப் பார்த்தேன். மரக் கதவு, இரும்புக் கம்பி. அடிக்கோல் வைத்து அளந்தேன்: கம்பிக்குக் கம்பி நாலு அங்குலம். ஹாஸ்டலில் வெளியே கொசுவலை அடித்திருக்கிறார்கள். இந்த இரண்டு இடத்திலும் ஒரு பறவைகூட விழுந்ததில்லை என்கிறார் அக்கா. கொசுவுக்கு அடித்த வலை குருவியையும் காப்பாற்றியிருக்கிறது.

10 நவ.

5 செ.மீ.க்கு ஒரு புள்ளி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "கோலப் புள்ளிதானுங்களே? நேர்ப் புள்ளியா, ஊடு புள்ளியா?"

அந்தக் கணத்திலிருந்து வேலை எனக்குச் சுலபமாகிவிட்டது. ஒரு கண்ணாடி 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். 24 புள்ளி, 48 வரிசை, ஆக 1,152. கிழக்குப் பக்கம் ஆறு கண்ணாடி, மொத்தம் 6,912 புள்ளி. கேட்டால் மலைப்பாக இருக்கும். மார்கழியில் விடிகாலையில் தெருவையே அடைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஊடு புள்ளி வைத்தால் இடைவெளி இன்னும் நெருக்கமாகும் என்று அக்கா சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

வெள்ளைப் போஸ்டர் கலரில் இரண்டு கண்ணாடி முடித்தோம். கொத்தனார் நூலைக் கட்டி வரிசை பிடித்தோம். ஆறு மாணவிகள் வந்தார்கள், விரல் நுனியிலேயே வைத்தார்கள். உள்ளே உட்கார்ந்து படிப்பவர்களுக்கு மறைக்கிறதா என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் மறந்துவிட்டது என்றார்கள்.

14 நவ.

மழையில் எல்லாம் கரைந்து போய்விட்டது. வலசைப் பறவை வரும் மாதமும் நம் மழை மாதமும் ஒன்று என்பதை யோசித்திருக்க வேண்டும்.

24 நவ.

எண்ணெய் பெயிண்ட் மார்க்கர் வாங்கினோம். அட்டையில் 5 செ.மீ.க்கு ஓர் ஓட்டை போட்டு அச்சு செய்துகொண்டோம். புள்ளி ஒவ்வொன்றும் குறைந்தது 6 மி.மீ. அகலம் இருக்க வேண்டும், பேனா முனைப் புள்ளி போதாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு கண்ணாடியும் முடிந்தது. சுண்ணாம்பு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், நாளானால் கண்ணாடியில் கறை பிடித்துவிடும், எஸ்டேட் ஆபீஸ் இன்னொரு முறை அனுமதி தராது.

புள்ளி வைக்க ஏணி எட்டாத உயரத்துக்கு நைலான் கயிறு: மேலே ஒரு கம்பியில் 10 செ.மீ.க்கு ஒன்றாகக் கட்டித் தொங்க விடுவது. அதையும் வெளிநாடுகளில் செய்கிறார்கள், பலன் இருக்கிறது.

2 டிச.

"வெளிநாட்டுப் பிரச்சனையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமில்லை, நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள்தான். அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் 40 கல்லூரி வளாகங்களில் ஒரே முறையில் எண்ணிப் பார்த்து 2017ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நகரத்துக்கு வெளியே நிற்கும் பெரிய கண்ணாடிக் கட்டடங்களில்தான் சாவு அதிகம் என்று தெரிந்தது. நம் ஊரில் புதுக் கல்லூரிகள் எங்கே வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறியியல் கட்டடம்தான் மோசம் என்பது சுற்றி வந்து எண்ணியதால்தான் தெரிந்தது. 2015ல் அங்கே புள்ளி போட்ட பிலிம் ஒட்டினார்கள். சிங்கப்பூரில் கட்டடங்களில் மோதி விழுந்ததாகப் பதிவான பறவைகளில் நம் மரகதப் புறாவும் உண்டு, ஆறுமணிக் குருவியின் உறவுக்காரக் குருவியும் உண்டு.

18 ஜன. 2025

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு எங்கள் வளாகத்தில் நான்கு நாளும் நடந்தோம். பட்டியலில் ஆறுமணிக் குருவியும் மரகதப் புறாவும் உண்டு. அதே பைக்குள் அக்காவின் நோட்டும் இருந்தது. புள்ளி வைத்த பிறகு அந்த ஆறு கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை. ஆனால் மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு விழுந்திருக்கின்றன. அங்கே மூலையில் இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத் தோட்டம் தெரியும், வழி திறந்திருப்பது போல. பிம்பத்தை மட்டும் யோசித்த எனக்கு இது தோன்றவே இல்லை. இப்படி ஊடாகப் பார்க்க முடிகிற மூலைகளையும், இரண்டு பிளாக்கை இணைக்கும் கண்ணாடி நடைபாதைகளையும் முதலில் பாருங்கள் தம்பி. உள்ளே கண்ணாடியை ஒட்டிப் பூந்தொட்டி இருந்தால் நகர்த்தி வையுங்கள்.

6 ஏப்.

வெயில் வந்துவிட்டது, எல்லாரும் பறவைக்குத் தண்ணீர் வைப்பீர்கள். தட்டைக் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அங்கிருந்து கிளம்பும் பறவைக்கு வேகம் பிடிக்க இடம் இருக்காது. முடியாவிட்டால் நன்றாகத் தள்ளி வையுங்கள். ஐந்தாறு மீட்டர் தூரம்தான் ஆபத்தானது.

மாடிப்படி மூலையும் முடிந்தது.

5 அக். 2025

உங்கள் மெசேஜ் பார்த்தேன் தம்பி. உங்கள் பிளாக்கில் முதல் மாடி வரை புள்ளி வைக்க அனுமதி வாங்கியதற்கு மிகவும் சந்தோஷம். சிகாகோ கட்டடத்தில் போன வருடம் கோடையில் புள்ளி பிலிம் ஒட்டிய பிறகு சாவு சுமார் 95 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் எச்.ஓ.டி. சாரிடம் அதைக் காட்டுங்கள். பெருக்குகிற அக்காவுக்கு முதல் நாளே நோட்டு கொடுத்துவிடுங்கள், புள்ளி வைப்பதற்கு முன்னால் உள்ள கணக்கும் வேண்டும்.

இங்கே புதன்கிழமை ஆயுத பூஜை. சுத்தம் செய்ய வந்த புது ஆட்கள், கறை என்று நினைத்து, ஒரு கண்ணாடியில் கீழ் நான்கு வரிசைப் புள்ளிகளை பிளேடால் சுரண்டிவிட்டார்கள். அக்கா பார்த்துச் சத்தம் போட்டு நிறுத்தியிருக்கிறார். 96 புள்ளி போயிற்று. நேற்று சாயங்காலம் நானும் அவரும் உட்கார்ந்து திரும்ப வைத்தோம். மூன்றாவது வரிசையில் இருக்கும்போது மூங்கில் புதருக்குள் இரண்டு விசில் கேட்டது. அக்கா மார்க்கரை மூடிவிட்டு மணியைப் பார்த்தார். ஆறாக ஐந்து நிமிடம்.